சட்டம் நடந்த தெருக்கள் – 14: புனேயில் ஒரு கோடை

நான்கே பிரிவுகள்தான். அச்சில் ஒரு தாளுக்கு மேல் வராது. கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபை 1897 பிப்ரவரி 4ஆம் தேதி நிறைவேற்றிய தொற்றுநோய்கள் சட்டம் அத்தனை சிறியது. ஜனவரிக் கடைசியில் மசோதாவாக வந்து, ஒரு வாரத்தில் சட்டமாகிவிட்டது.

முதல் பிரிவு பெயரையும் எல்லையையும் சொல்கிறது. சட்டத்தின் உயிர் இரண்டாவது பிரிவில் இருக்கிறது. ஆபத்தான தொற்றுநோய் பரவுகிறது, இருக்கிற சட்டங்கள் போதாது என்று அரசு கருதினால், தேவை என்று தோன்றும் எந்த நடவடிக்கையையும் எடுக்கலாம். எடுக்கும்படி எவருக்கும் அதிகாரம் கொடுக்கலாம். மக்கள் கட்டுப்பட வேண்டிய விதிகளையும் போடலாம். ரயில் பயணிகளைச் சோதிப்பதும், நோய் இருக்குமோ என்று சந்தேகப்படுபவரைப் பிரித்து வைப்பதும் அதில் எடுத்துச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் இதற்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு எங்கும் இல்லை. மூன்றாவது பிரிவு, மீறுகிறவர்மேல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு பாயும் என்றது. நான்காவது பிரிவு, இந்தச் சட்டத்தின் பேரில் நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் யார்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது என்றது.

அந்த நான்காவது பிரிவை வாசகர்கள் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் புனே நகரம் பட்ட பாட்டில் பாதி, அந்த ஒற்றை வரியால் வந்தது என்பது என் துணிபு.

அவசரத்துக்குக் காரணம் பம்பாய். 1896 செப்டம்பரில் மாண்ட்வி வட்டாரத்தில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் தம்மிடம் வந்த நோயாளிகளைப் பார்த்து, இது பிளேக்தான் என்று உறுதியாகச் சொன்னார். துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த பகுதி அது. நோய் பரவப் பரவ நகரம் காலியாகத் தொடங்கியது. மில் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள். ரயில் போன ஊருக்கெல்லாம் நோயும் போயிற்று. ஐரோப்பிய நாடுகள் இந்தியக் கப்பல்களைச் சந்தேகத்தோடு பார்த்தன. பிப்ரவரியில் வெனிஸ் நகரில் சர்வதேச சுகாதார மாநாடு கூடவிருந்தது. இந்தியா தன் வீட்டைச் சுத்தம் செய்துகொள்ளாவிட்டால் அதன் துறைமுகங்களுக்குக் கதவடைக்கப்படும் என்ற பயம் லண்டனிலும் கல்கத்தாவிலும் இருந்தது. பருத்தி வியாபாரமும் ஹஜ் யாத்திரையும் அந்த மேஜையில் பேசப்பட்ட விஷயங்கள். சட்டத்தைப் பிறப்பித்ததில் நோய்க்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு வணிகத்துக்கும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிளேக் எப்படிப் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எலியின் உடம்பிலிருந்து மனிதனுக்கு அதைக் கொண்டுவருவது தெள்ளுப்பூச்சி என்று பால்-லூயி சிமோன் கராச்சியில் சோதித்துச் சொன்னது 1898இல்தான். அதையும் உலகம் உடனே ஏற்கவில்லை. நோய் தரையில் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா, துணியிலா, மூச்சிலா என்று தெரியாத அரசு, எல்லாவற்றின்மீதும் கை வைத்தது. தரையைத் தோண்டினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், துணியை எரித்தார்கள், ஆளைப் பிரித்தார்கள்.

1897 பிப்ரவரிக்குள் புனேயில் சாவு கூடிவிட்டது. பேஷ்வாக்களின் தலைநகரமாக இருந்த ஊர். கஸ்பா, சனிவார், சதாசிவ், நாராயண் என்று பேட் பேட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பேட்டிலும் வாடா எனப்படும் முற்றம் வைத்த பெரிய வீடுகள் நெருங்கி நின்றன. ஒரு வாடாவுக்குள் பல குடும்பங்கள். சமையலறைக்குப் பக்கத்திலேயே தேவகர் என்கிற பூஜை அறை. வெளியார் கால் வைக்காத இடங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தன.

பம்பாய் கவர்னர் சாண்டர்ஸ்ட் பிரபு மார்ச் 8ஆம் தேதி புனேக்கென்று தனி பிளேக் கமிட்டியை நியமித்தார். தலைவர் வால்டர் சார்ல்ஸ் ராண்ட், ஐ.சி.எஸ். அதிகாரி. கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர். கமிட்டியில் இருந்த ராணுவ மருத்துவர் பெவரிட்ஜ், ஹாங்காங் பிளேக்கைக் கண்ணால் பார்த்தவர். அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்களை வைத்து வீடு வீடாகச் சோதனை போட்டிருந்தார்கள். அதே முறையைப் புனேக்குக் கொண்டுவந்தார்கள். போலீஸையோ நகராட்சிச் சிப்பந்திகளையோ நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது, ராணுவம்தான் செய்ய வேண்டும் என்று ராண்ட் முடிவு செய்தார்.

கமிட்டி அமைந்து இரண்டே நாளில், மார்ச் 10ஆம் தேதி இரவு, சாவித்திரிபாய் புலே பிளேக்கில் இறந்தார். வயது அறுபத்தாறு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பள்ளி திறந்து, அதற்காகச் சாணியும் கல்லும் வாங்கிய அந்த அம்மையார், கடைசி நாட்களில் பிளேக் நோயாளிகளுக்காகத் தம் வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தைக் கொண்டு ஹடப்சர் பக்கம் சாசனே மளாவில் ஒரு மருத்துவமனை திறக்க வைத்தார். ஊருக்கு வெளியே, காற்றோட்டமான வெட்டவெளி. முண்ட்வா கிராமத்துக்குப் புறத்தே மகர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டுப் போய், அவனைத் தம் முதுகில் சுமந்தே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்துதான் நோய் அவருக்குத் தொற்றியது. அவரும் நோயாளியைப் பிரித்து வைத்தார், அரசும் பிரித்து வைத்தது. மருத்துவத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சிறுவனைத் தூக்கிப் போனவரைப் பார்த்து அந்தக் குடியிருப்பில் ஒருவரும் ஓடி ஒளியவில்லை. மூன்று நாள் கழித்துப் புனேயின் தெருக்களில் நடந்தது வேறு.

மார்ச் 13ஆம் தேதி சோதனை தொடங்கியது. விடிந்ததும் ஒரு தெருவை வளைத்துக்கொள்வார்கள். சிப்பாய்கள் சிறு சிறு குழுவாக வாடாக்களுக்குள் போவார்கள். கூட ஓர் இந்தியத் தொண்டர் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் தொண்டர்கள் போதவில்லை. கதவு பூட்டியிருந்தால் உடைப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் வெளியே வந்து வரிசையாக நிற்க வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய மூன்று இடங்களில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கட்டியிருந்தால் ஆள் மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டார் முகாமுக்குப் போக வேண்டும். வீட்டுச் சாமான் முற்றத்தில் வந்து குவியும். எரிக்க வேண்டியதை எரிப்பார்கள். இறந்தவரைப் பதிவு செய்யாமல் எடுத்துப்போவது குற்றம்.

யோசித்துப் பாருங்கள். பூட்ஸ் காலோடு சமையலறைக்குள் ஒருவன் வருகிறான். அவன் மொழி உங்களுக்குத் தெரியாது, உங்கள் மொழி அவனுக்குத் தெரியாது. பூஜை அறையில் இருக்கும் விக்கிரகத்தை எடுத்துப் பார்க்கிறான். வீட்டுப் பெண்களை வெளியே வரச் சொல்கிறான். அன்றைய தெருவில் அக்குளையும் தொடையையும் ஓர் அந்நிய ஆண் பார்க்க நேர்வது ஒரு பெண்ணுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சாதாரண ஜுரத்தைப் பிளேக் என்று எண்ணித் தூக்கிப்போனதாகவும், சாமான்கள் காணாமல் போனதாகவும் புகார்கள் குவிந்தன. மே மாதம் 19ஆம் தேதி வரை, இரண்டு மாதத்துக்கு மேல், இது நடந்தது.

புகார்கள் எல்லாமே ஒரே தரத்தவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முகாமில் சாதி பார்க்காமல் ஒன்றாக வைத்தார்கள், மருத்துவமனையில் தொட்டவர் இன்ன சாதி என்ற கோபங்களும் அதில் கலந்திருந்தன. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு பெண்ணின் மானமும், ஒரு வீட்டின் கதவும், தாயைப் பிரிந்த குழந்தையும் சாதியைக் கடந்த விஷயங்கள்.

பாலகங்காதர திலகரின் நிலைப்பாடு இங்கே கவனிக்கத்தக்கது. வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டுப் போனபோது அவர் போகவில்லை. இந்துக்களுக்கென்று ஒரு பிளேக் மருத்துவமனையை ஏற்படுத்தி நடத்தினார். நோயாளியைப் பிரித்து வைப்பது தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. அவருடைய ‘கேசரி’ கேட்டது வேறு. சிப்பாய் எதற்கு, கெடுபிடி எதற்கு, ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு செய்தால் ஆகாதா என்று அது கேட்டது. மே மாதம் ஆகும்போது அந்தக் குரல் கடுமையாகிவிட்டது.

சோதனைக்கு ஆளானவர் எங்கே போய் முறையிடுவது? கமிட்டியின் ஆட்கள் செய்ததைப் பற்றிக் கமிட்டியிடமே புகார் கொடுக்கலாம். ராண்ட் அதைப் படித்து, சரியா தவறா என்று சொல்வார். அதற்கு மேல் கவர்னருக்கு மனு எழுதலாம். கோர்ட்டுக்குப் போனால் நான்காவது பிரிவு எதிரில் நிற்கும். உடைத்த கதவுக்கு நஷ்டஈடு கேட்டாலும், அவமதித்த சிப்பாயின்மேல் வழக்குப் போட்டாலும், அவன் நல்லெண்ணத்தோடு செய்யவில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். யாருடைய பெயரும் தெரியாது. எல்லோரும் ஒரே சீருடை.

வழக்கறிஞர்களுக்கும் படித்தவர்களுக்கும் பஞ்சமில்லாத ஊர் அது. சார்வஜனிக் சபா என்ற அமைப்பு கால் நூற்றாண்டுக்கு மேலாக மனு எழுதியே வந்திருக்கிறது. சட்டம் என்றால் என்ன, உரிமை என்றால் என்ன என்று பத்திரிகைகளில் விவாதித்துப் பழகிய மக்கள். அவர்களுக்குச் சட்டமே கதவை அடைத்தது. நோயைவிட இது ஆழமாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

ஜூன் 22, விக்டோரியா மகாராணி அரியணை ஏறி அறுபது ஆண்டு நிறைவு விழா. கணேஷ்கிண்டில் இருந்த கவர்னர் மாளிகையில் (இப்போது அங்கே புனே பல்கலைக்கழகம் இருக்கிறது) விருந்தும் வாணவேடிக்கையும் நடந்தன. நள்ளிரவை ஒட்டி விருந்தினர்களின் கோச்சு வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ராண்டின் வண்டி இருட்டான கணேஷ்கிண்ட் சாலையில் வரும்போது, ‘கோண்ட்யா ஆலா ரே’ என்று ஒரு குரல். முன்கூட்டிப் பேசிவைத்த அடையாளக் குரல் அது. சிஞ்ச்வடைச் சேர்ந்த தாமோதர் ஹரி சாபேகர் வண்டியின் பின்னால் ஏறி ராண்டைச் சுட்டார். பின்னால் வந்த வண்டியில் மனைவியோடு இருந்த லெப்டினன்ட் அயர்ஸ்டைத் தாமோதரின் தம்பி பாலகிருஷ்ணன் சுட்டார். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3ஆம் தேதி உயிர்விட்டார்.

கதாகாலட்சேபம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் சாபேகர் சகோதரர்கள். சிறுவயதிலிருந்தே பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டு, அது கிடைக்காத தாமோதர், சிறையில் தன் கதையைத் தானே எழுதினார். சமூகச் சீர்திருத்தக்காரர்களின்மேல் அவருக்கு இருந்த வெறுப்பு சாதாரணமானதல்ல. அவரை முழுமையாகக் கொண்டாடுகிறவர்கள் அதையும் படிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் இன்று அவர்களுக்குச் சிலைகள் இருக்கின்றன, சாபேகர் சவுக் இருக்கிறது, ‘22 ஜூன் 1897’ என்ற மராத்திப் படம் 1979இல் வந்தது. இருட்டில், பின்னாலிருந்து, மனைவியின் கண்ணெதிரில் ஒருவரைச் சுட்டதை வீரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முறையிட இடமில்லாத ஊரில் கைத்துப்பாக்கி எப்படி முளைக்கிறது என்பதை வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

அரசு இப்போது தன் பிற சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்தது.

முதலில் தண்டப் போலீஸ். நகரத்தில் கூடுதல் போலீஸைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் செலவை ஊர் மக்களின் தலையில் வரியாகக் கட்டினார்கள். கொன்றவர் யாரென்று தெரியாது, ஆகவே ஊரே கட்ட வேண்டும். கொலையாளியைப் பிடித்துக் கொடுத்தால் 20,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள்.

அடுத்து நாத்து சகோதரர்கள். புனேயின் பெரிய சர்தார் குடும்பம். சோதனைக் காலத்தில் சிப்பாய்களின் நடத்தை பற்றிக் கமிட்டிக்குப் புகார் எழுதியவர்களில் மூத்தவர் பாளாசாகேப் நாத்துவும் ஒருவர். ஜூலைக் கடைசியில் அண்ணன் தம்பி இருவரையும் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. 1827ஆம் ஆண்டின் பம்பாய் ஒழுங்குமுறை 25 என்ற, கம்பெனி காலத்துப் பழைய விதியைத் தூசு தட்டி எடுத்தார்கள். அதன்படி அரசுக்கு ஒருவர் ஆபத்தானவர் என்று தோன்றினால் போதும், எத்தனை நாள் வேண்டுமானாலும் அடைத்து வைக்கலாம். 1898 முழுவதும் அவர்கள் அரசின் பிடியிலேயே இருந்தார்கள். கொலையோடு அவர்களைத் தொடர்புபடுத்தி ஒரு வழக்குகூட கோர்ட்டுக்கு வரவில்லை. 1897 டிசம்பரில் அமராவதியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, விசாரணையின்றிச் சிறை வைக்கும் இந்த விதிகளைக் கண்டித்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடிய சி. சங்கரன் நாயர்.

மூன்றாவதாக கோபாலகிருஷ்ண கோகலேக்கு நேர்ந்தது. இந்தத் தொடரில் நான் எழுதியவற்றில் மனதை மிகவும் கலங்க வைப்பது இதுதான். கோகலே அப்போது இந்திய அரசின் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொல்ல இங்கிலாந்து போயிருந்தார். முப்பத்தோரு வயது. புனேயிலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்களை நம்பி, சோதனையின்போது இரு பெண்கள் சிப்பாய்களால் பலாத்காரம் செய்யப்பட்டதாகவும் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டதாகவும் ‘மான்செஸ்டர் கார்டியன்’ பத்திரிகையில் சொன்னார். பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. பம்பாய் அரசு அடியோடு மறுத்தது. கோகலே கப்பலில் பம்பாய் வந்து சேர்ந்தபோது, தரையில் கால் வைப்பதற்கு முன்பே போலீஸ் கமிஷனர் வின்சென்ட் கப்பலுக்கே வந்து ஆதாரம் எங்கே என்று கேட்டார். கடிதம் எழுதிய நண்பர்கள் யாரும் முன்வந்து பெயர் கொடுக்கத் தயாராக இல்லை. கோகலே அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். சொந்த மக்களே அவரைக் கோழை என்று ஏசினார்கள். பல ஆண்டுகள் அந்தப் பேச்சு அவரை விடவில்லை.

கோகலே சொன்ன அந்த இரண்டு சம்பவங்களும் நடந்தனவா என்பதற்குச் சான்று அன்றைக்கும் நிற்கவில்லை, அதற்குப் பின்பும் நிற்கவில்லை. நிரூபிக்க முடியாததைச் சொன்னது பிழை, அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஆதாரம் கொண்டுவா என்று அரசு கேட்ட அதே வாரங்களில் புகார் எழுதிய நாத்து சகோதரர்கள் சிறைக்குள் இருந்தார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு இந்த மன்னிப்பைப் படிக்கக் கூடாது. எந்தக் குடும்பம் தன் வீட்டுப் பெண்ணின் பெயரோடு அந்த நேரத்தில் அந்த வாசலில் போய் நிற்கும்? பண்டித ரமாபாய் தம் ஆதரவில் இருந்த பெண் ஒருத்தி பிளேக் மருத்துவமனையில் பட்ட நிலை பற்றிப் பம்பாய்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியபோதும் அரசின் பதில் மறுப்பாகவே இருந்தது.

நான்காவது, திலகர். ஜூன் 15 இதழில், அதாவது கொலைக்கு ஒரு வாரம் முன்பு, சிவாஜி விழா உரைகளையும் சிவாஜி பேசுவதாக அமைந்த ஒரு கவிதையையும் ‘கேசரி’ வெளியிட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 124-ஏ பிரிவின் கீழ் ராஜத் துரோக வழக்கு. ஜூலை 27 இரவு பம்பாயில் கைது. ஜாமீன் மனு முதலில் நீதிபதிகள் பார்சன்ஸ், ரானடே முன்னால் போய்த் தள்ளுபடியானது. அந்த ரானடே, புனேயின் பொதுவாழ்வையே உருவாக்கிய மகாதேவ கோவிந்த ரானடே. சில நாளில் நீதிபதி பத்ருதீன் தயாப்ஜி ஜாமீன் கொடுத்தார். செப்டம்பரில் நீதிபதி ஸ்ட்ரேச்சி முன் விசாரணை. ஒன்பது ஜூரிகளில் ஆறு ஐரோப்பியர், மூன்று இந்தியர். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். திலகருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். அரசின்மேல் அன்பு இல்லாமல் இருப்பதே அந்தப் பிரிவுக்குள் வரும் என்று ஜூரிகளுக்கு ஸ்ட்ரேச்சி விளக்கிச் சொன்னார். லண்டன் பிரிவி கவுன்சிலில் திலகருக்காக வாதாடியவர், பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான ஆஸ்க்வித். அங்கேயும் பயனில்லை.

இதற்கிடையில் பரிசுப் பணத்துக்கு ஆள் கிடைத்தது. திராவிட் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் கொடுத்த துப்பில் தாமோதர் பிடிபட்டார். 1898 ஏப்ரல் 18ஆம் தேதி எரவாடா சிறையில் தூக்கு. துப்புக் கொடுத்த இருவரையும் 1899 பிப்ரவரியில் தாமோதரின் கடைசித் தம்பி வாசுதேவும் நண்பன் மகாதேவ ரானடேயும் (நீதிபதி ரானடே அல்ல) சுட்டார்கள். அந்த மே மாதம், ஒரே வாரத்துக்குள், வாசுதேவ், மகாதேவ ரானடே, பாலகிருஷ்ணன் மூவரும் தூக்கிலேறினார்கள். ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள் போனார்கள்.

நோயோ போகவில்லை. கோடையில் அடங்கியது போல் இருந்து மீண்டும் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் இந்தியா முழுவதும் ஒரு கோடிக்குக் குறையாமல் உயிர் பறித்தது. ராணுவச் சோதனையால் அதை நிறுத்த முடியவில்லை என்பது மெல்ல மெல்ல அதிகாரிகளுக்கே விளங்கியது. 1898 மார்ச்சில் பம்பாயில் கலவரம், 1900இல் கான்பூரில் கலவரம். அதற்குப் பிறகு கட்டாய வீட்டுச் சோதனையைத் தளர்த்தினார்கள். ஹாஃப்கின் பம்பாயில் உண்டாக்கிய தடுப்பூசியை வற்புறுத்தாமல் போடலாம் என்றார்கள். ஊரைவிட்டு வெளியே குடிசை போட்டுத் தங்க உதவினார்கள், உள்ளூர்ப் பெரியவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். மே மாதத்துக் ‘கேசரி’ கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான்.

நம் பக்கமும் அந்தக் காலத்தின் தழும்பு உண்டு. சென்னை மாகாணத்தில் நோய் கண்ட ஊரிலிருந்து வருகிற ரயில் பயணிக்கு பிளேக் பாஸ்போர்ட் என்று ஒரு சீட்டைக் கொடுத்து, போன ஊரில் அதிகாரி முன் ஆஜராக வைத்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும் தடுப்பு முகாமில் நாட்களைக் கழித்த பிறகே கப்பலேறினார்கள். கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன.

தளர்ந்தது நடைமுறைதான். சட்டம் தளரவில்லை. சுதந்திரம் வந்தது, அரசியல் சாசனம் வந்தது. நான்கு பிரிவுகளும் அப்படியே இருந்தன. 2020 மார்ச் 9ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் முதல் கோவிட் நோயாளிகள் புனேயில்தான் கண்டறியப்பட்டார்கள். மார்ச் 13 நள்ளிரவிலிருந்து மகாராஷ்டிர அரசு இந்த 1897 சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ராண்டின் சிப்பாய்கள் முதல் வாடாவுக்குள் நுழைந்ததும் ஒரு மார்ச் 13. அரசு குறிப்பிட்ட நகரங்களில் புனேயும் இருந்தது, சாபேகர்களின் சிஞ்ச்வடை உள்ளடக்கிய பிம்ப்ரி-சிஞ்ச்வடும் இருந்தது. வீட்டில் தனித்திருக்க வேண்டியவரின் இடது கையில் முத்திரை குத்தினார்கள். சென்னையில் மாநகராட்சி வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியது, தகரம் வைத்துத் தெருவை அடைத்தது. நம்மில் பலர் அந்தத் தகரத்துக்கு உள்ளே இருந்திருக்கிறோம்.

கோவிட் காலத்து மருத்துவர்களையும் செவிலியரையும் தூய்மைப் பணியாளர்களையும் ராண்டின் சிப்பாய்களோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். உயிரைக் கொடுத்து வேலை பார்த்தவர்கள் அவர்கள். 2020 ஏப்ரலில் அவசரச் சட்டத்தின் மூலம் அவர்களைத் தாக்குவோருக்குக் கடும் தண்டனை சேர்த்தது சரியே. செப்டம்பரில் அது பாராளுமன்றத்திலும் நிறைவேறியது. ஆனால் நூற்று இருபத்து மூன்று ஆண்டுக்குப் பிறகு இந்தச் சட்டத்தைத் திறந்தவர்கள், அடைபட்ட குடிமகன் யாரிடம் முறையிடலாம் என்று ஒரு வரி சேர்க்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். வழக்கில் போட்ட பிரிவுகளில் 188உம் ஒன்று. இருவரும் காவலில் பட்ட அடியால் செத்தார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, நீதித்துறை நடுவரை நேரே காவல் நிலையத்துக்கு அனுப்பியது. 1897 புனேக்கு அப்படி ஒரு நீதிமன்றம் வாய்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 286ஆவது அறிக்கையில், இந்தச் சட்டத்தை முழுமையாக மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

புனேயின் அந்தக் கோடை இன்னொரு சட்டத்தையும் மாற்றிவிட்டுப் போயிற்று. திலகர் சிறையில் இருக்கும்போதே, 1898இல், 124-ஏ பிரிவைத் திருத்தி விரித்தார்கள். அரசின்மேல் வெறுப்பையோ அவமதிப்பையோ உண்டாக்கினாலும் குற்றம் என்று சேர்த்தார்கள். பிரிவுகளுக்கிடையே பகை வளர்ப்பது பற்றிய 153-ஏ புதிதாக நுழைந்தது. ஜூரிகளிடம் ஸ்ட்ரேச்சி சொன்ன விளக்கத்தின் சாரம் இப்போது சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது.

பத்தாண்டு கழித்து அந்தத் திருத்திய பிரிவு தென்கோடிக்கு வந்தது. 1908 ஜூலையில் திருநெல்வேலி செஷன்ஸ் கோர்ட்டில் நீதிபதி பின்ஹே முன்னால், தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஓட்டிய ஒரு வக்கீல் குற்றவாளிக் கூண்டில் நின்றார். அதே ஜூலையில் பம்பாயில் திலகர் இரண்டாம் முறையாக அதே பிரிவில் நின்றுகொண்டிருந்தார். வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வழக்குக் கட்டுகளை அடுத்த வாரம் பிரிப்போம்.

(தொடரும்)